எதிர் வீட்டுக்குப் போன வயர்

என் கொழுந்தன் பெண்டாட்டியின் உயிர் மூன்று மாதம் என் மேஜைக்கு அடியில் ஒரு வயரில் மாட்டிக் கிடந்தது. அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான். கம்ப்யூட்டரில் டிப்ளமா முடித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் ஒரு சென்டரில் ஆறு வருடம் பாடம் எடுத்தவள், வயர் முனையில் எட்டுக் கம்பியையும் கலர் பார்த்து அடுக்கி, நசுக்கி, தலை மாட்டத் தெரிந்தவள். இந்தத் தெருவில் அதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான் என்று ஒரு திமிர் இருந்தது. திமிர் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல வார்த்தை போட்டு மறைக்கிற வயசெல்லாம் போய்விட்டது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் அரை மணி நேரம். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு லோடு ஆட்டோ உரசாமல் போகலாம், அவ்வளவுதான் அகலம். இந்தப் பக்கம் அண்ணன், என் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் தம்பி. பாகம் பிரித்தபோது தண்ணீர் எடுக்கிற போர்க்குழாய் எங்கள் பக்கம் விழுந்துவிட்டது. அன்றைக்கு நின்றது இருவருக்கும் பேச்சு. சந்தில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், ஒருவர் செருப்பைப் பார்ப்பார்.

"ஒரு குடம் தண்ணி எடுத்துக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிருவீக?" என்று நான் கேட்பேன்.

"அவன் கேக்கட்டும், குடுக்கிறேன்" என்பார் இவர்.

அவர் கேட்க மாட்டார். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாளில் அவர் பெண்டாட்டிதான் நாலு குடத்தோடு வெயிலில் நிற்பாள். காரியாபட்டிப் பக்கத்துப் பெண், பி.எஸ்ஸி. படித்தவள், கல்யாணமாகி நாலு வருடம். என்னை 'அக்கா, அக்கா' என்று சுற்றிச் சுற்றி வருவாள். ஆம்பிளைகள் சண்டை ஆம்பிளைகளோடு என்று நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

போன தை மாதம் மக்காச்சோளத் தட்டை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் சந்துக்குள் வந்தது. லோடு உயரம். கம்பத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகிற கரண்டுக் கம்பியில் இடித்து, இரண்டில் ஒன்று அறுந்து தொங்கியது. நானும் பார்த்தேன். மறுநாள் பார்த்தால் கம்பியைச் சுருட்டிக் கட்டியிருக்கிறது, வீட்டில் லைட்டு எரிகிறது. சரி பண்ணிவிட்டார்கள் போல என்று என் வேலையைப் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் அந்தக் குடம். தினமும் காலையில் அவள் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வீட்டுச் சுவரோரம் ஊற்றுவாள். அங்கே செடியும் இல்லை, கொடியும் இல்லை, வெறும் மண். கரிசல் வெடித்து விரல் போகிற அளவுக்கு வாய் பிளந்து கிடக்கிற இடம். குடிக்கிற தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறவள் தினம் ஒரு குடத்தை மண்ணில் கொட்டுகிறாளே என்று எனக்கு ஆறவில்லை.

"ஏண்டி, அங்க என்னத்த நட்டு வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா. அவுக ஊத்தச் சொன்னாக. ஊத்துனா ஃபேனு நல்லா சுத்துமாம்."

"உன் புருசன் ஃபேனத் தண்ணி ஊத்தி வளக்குறாராக்கும்!" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அந்த இடத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். வீட்டுக்கு வருகிற கம்பி இரண்டு. ஒன்றில் கரண்டு வரும், இன்னொன்றில் திரும்பிப் போகும். அந்தத் திரும்பிப் போகிற கம்பிதான் அறுந்திருந்தது. கொழுந்தன் லைன்மேனைக் கூப்பிடவில்லை. இணைப்பு இன்னும் என் மாமனார் பேரில் இருந்தது. ஆள் வந்தால் பேர் மாற்றச் சொல்லுவார்கள், அதற்கு அண்ணன் கையெழுத்து வேண்டும், அண்ணனிடம் போய் நிற்கவா என்று அவர் பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்து ஊர்களில் பலரும் செய்கிற குறுக்கு வழியைச் செய்தார். திரும்பிப் போகிற கம்பிக்குப் பதிலாக எர்த்துக் கம்பியில் முடிச்சுப் போட்டுவிட்டார். கரண்டு மண்ணுக்குள் போகட்டும் என்று. மண் ஈரமாக இருந்தால்தானே போகும்? அதற்குத்தான் அந்தக் குடம். எர்த்து என்பது ஆளைக் காப்பாற்றுவதற்காக வைத்த கம்பி. அந்த வீட்டில் ஃப்ரிட்ஜு, கிரைண்டர், பின்னால் நான் கொடுத்த கம்ப்யூட்டர், மூணு பின் மாட்டின அத்தனை சாமான் உடம்பும் அந்தக் கம்பியோடு சேர்ந்திருக்கிறது. கரண்டுக்குப் போக வழி இருக்கும் வரை அவள் பிழைத்துக் கிடந்தாள். வழி அடைத்தால் அவள் தொடுகிறது எல்லாம் கரண்டு.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். மதுரையில் ஒரு கம்பெனி ஸ்கேன் செய்த பழைய படிவங்களை அனுப்பும். அதைப் பார்த்து டைப் அடித்து, சரிபார்த்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். வேலை அதிகமானது. மாசி மாதத்தில், "இன்னொரு ஆள் கிடைக்குமா மேடம்?" என்று கேட்டார்கள். நான் இவள் பேரைச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது, அதைத் தூசி தட்டிக் கொடுத்தேன். நெட்டு எங்கள் வீடு வரைக்கும்தான் வந்திருந்தது. வயர் இல்லாமல் விடலாம் என்றால் இரண்டு வீட்டுச் சுவரும் ஒன்றரை அடிக் கல்லுக்கட்டு, சிக்னல் சந்தைத் தாண்டவில்லை. ஆக, வயர்தான் போட வேண்டும். எனக்குக் கை துறுதுறு என்று வந்தது.

சென்டரில் நான் சேர்ந்தபோது எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்க ஹப்பு என்கிற பெட்டிதான் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் ஏதாவது சொன்னால் ஹப்பு அதை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கத்தும், குழாயடிச் சண்டை மாதிரி. அப்புறம் சுவிட்சு வந்தது. லைட் போடுகிற சுவிட்சு இல்லை, எட்டு ஓட்டை வைத்த ஒரு தகரப் பெட்டி. யாருக்கு வந்த சேதியோ அவர் வாசலில் மட்டும் கொடுத்துவிட்டு வரும், ஊருக்குச் சொல்லாது. சென்டரை மூடியபோது அந்தச் சுவிட்சுப் பெட்டி ஒன்றையும் மிச்சம் கிடந்த வயர்ச் சுருள் ஒன்றையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். அது சாதா வயர் இல்லை. உள்ளே வெள்ளித்தாள் சுற்றி, கூடவே ஒரு வெறும் கம்பி ஓடி, இரண்டு முனையிலும் தகரத் தலை வைத்த வயர். மில்லு, ஃபேக்டரிக்குப் போடுகிற சாமான். வெளியே ஓடுகிற மோட்டார் தொந்தரவெல்லாம் சேதிக்குள் வராமல் தடுக்கும். அதைப் போய் எதிர் வீட்டுக்குப் போடுகிறேனே என்று எனக்குள் ஒரு பெருமை. சாதா பிளாஸ்டிக் வயரைப் போட்டிருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. பிளாஸ்டிக் தலையில் அந்த வீட்டுக் கரண்டு ஏறி என் வீட்டுக்கு வந்திருக்காது. நான் உசத்தியானதைப் போட்டேன்.

"வயரப் போட்டுக்க. நம்ம சுவத்துல ஆணி எறங்கக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். அங்கே அவளிடம் கொழுந்தன் சொன்னதும் அதே வார்த்தைதான். அண்ணன் தம்பி இல்லையா, வேறு எப்படி இருக்கும். ஆணி அடிக்காமல் எங்கள் வெண்டிலேட்டரிலிருந்து அவர்கள் வெண்டிலேட்டருக்குக் கொடிக்கயிறு கட்டி, அதில் வயரைச் சுற்றி விட்டேன். சுவிட்சுப் பெட்டி என் மேஜைக்கு அடியில்.

அவள் அங்கே ஒரு முனையை மாட்டிவிட்டு, "மாட்டிட்டேன்கா" என்று குரல் கொடுத்தாள். நான் இந்த முனையைப் பெட்டியில் வைக்கப் போனேன். தகரத் தலை விரலில் பட்டதும் முழங்கை வரைக்கும் சுருக்கென்று ஏறியது. கையை உதறிக்கொண்டு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து மாட்டினேன். பெட்டியில் பச்சை லைட்டு மினுக்கியது. நெட்டு ஓடியது.

"அக்கா, எனக்கு லேசா இழுத்துச்சு."

"கம்ப்யூட்டர்னா கொஞ்சம் இழுக்கத்தாண்டி செய்யும். செருப்பப் போட்டுட்டு உக்காரு."

"சாமி படம் இருக்குக்கா இந்த ரூம்ல. செருப்பு எப்பிடிப் போடுறது?"

கடைசியில் காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்து வேலை பார்க்கும்வரை கால் பலகையில் இருக்கும். நான் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் என்றால் இழுக்கும். யார் சொன்னது? அக்கா சொன்னது.

மறுநாள் காலையில் ஜன்னலில் வந்து நின்றாள். முகம் எல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீங்க நெட்டு குடுத்ததுல இருந்து எங்க வீட்டு ஃபேனு என்னமா சுத்துதுன்றீக! லைட்டும் பளிச்சுனு எரியுது. அவுகளே ஆச்சரியப்படுறாக."

"நெட்டுல எங்கயாவது ஃபேனு சுத்துமாடி? நீ படிச்சவதான?" என்று நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இவர் வந்ததும் இவரிடமும் சொன்னேன். "அவன் வீட்டுல எல்லாம் அப்பிடித்தான்" என்றார் இவர்.

ஃபேன் சுத்தியது நிஜம். எங்கள் வீட்டு எர்த்து போர்க்குழாயில் கட்டியிருக்கிறது. எத்தனையோ அடி ஆழத்துக்கு இரும்புக் குழாய், அடியில் ஈரம். அவர்கள் வீட்டுக் கரண்டு காய்ந்த மண்ணில் முட்டிக்கொண்டு நின்றது. என் வயரின் வெள்ளித்தாளில் ஏறி, என் சுவிட்சுப் பெட்டிக்கு வந்து, என் கம்ப்யூட்டர் வழியாக எங்கள் போர்க்குழாய்க்குள் இறங்கிவிட்டது. ஒரு குடம் தண்ணீர் கேட்கக் கூடாது என்று இருந்த மனுசன் வீட்டு ஃபேன் அந்தப் போர்க்குழாயை நம்பித்தான் சுத்தியது. அவள் குடம் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். "ஒரு கொடம் மிச்சம்கா" என்றாள். பங்குனி வெயில் ஏற ஏற, குடம் ஊற்றின அந்த எர்த்துக் குழி காய்ந்து சட்டியானது. கரண்டுக்கு இருந்த இரண்டு வழியில் ஒன்று மூடிக்கொண்டது. மிச்சம் இருந்தது என் வயர் மட்டும்தான்.

அவள் காலையில் மிக்ஸி போடும்போது வெண்டிலேட்டர் கிட்ட வயரைத் தொட்டால் வெதுவெது என்று இருக்கும். வெயிலில் கிடக்கிற வயர்தானே என்று விட்டேன். காலை ஏழு மணிக்கு அந்தச் சந்தில் எங்கே வெயில்? இதைக்கூட யோசிக்காத ஒருத்தி ஆறு வருடம் பாடம் எடுத்திருக்கிறாள்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் மேல் கோபம் வந்தால் வயரைப் பிடுங்கி விடுவேன். பெரிய கோபமெல்லாம் இல்லை. அம்மா வீட்டுக்குப் போனதை என்னிடம் சொல்லாமல் போய்விட்டு வந்தாள் என்று ஒரு தடவை. நான் கொடுத்த குழம்பை 'உப்பு கூடக்கா' என்று சொன்னாள் என்று ஒரு தடவை. மேஜைக்கடியில் குனிந்து, ரப்பர் உறையைப் பிடித்து இழுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் குரல் வரும். "அக்கா, நெட்டு போச்சு." "இரு, பாக்குறேன்" என்று கொஞ்சம் அலைய விட்டுவிட்டு மாட்டுவேன். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோசம். எதிர் வீட்டு நெட்டு என் கையில்.

இரண்டாவது தடவை மாட்டும்போது பெட்டிக்கும் தலைக்கும் நடுவில் நீலமாக ஒரு பொறி தெறித்தது. அதே நேரத்தில் அங்கிருந்து அவள், "அய்யோ அக்கா, ஃப்ரிட்ஜத் தொட்டேன், பிடிச்சு இழுத்துருச்சு!" என்றாள்.

"ஈரக் கையோட தொட்டிருப்ப."

"ஃபேனும் கொஞ்ச நேரம் படுத்துருச்சுக்கா."

"கரண்டு கம்மியா வந்திருக்கும். இங்க பாரு, சும்மா சும்மா என்னைக் கூப்பிடாத. நெட்டு போனா முதல்ல உன் கம்ப்யூட்டர் பின்னாடி போயி வயரக் கழட்டித் திரும்ப மாட்டிப் பாரு. பாதி அதுலயே வந்துரும்."

"சரிக்கா" என்றாள்.

வைகாசியில் ஒரு மத்தியானம். கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. வேலையை மேற்பார்வை பார்க்கிறவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "மேடம், உங்க எதிர் வீட்டு மேடம் ஒரு தப்புகூட விடுறதில்ல. அடுத்த வாரத்துல இருந்து உங்க ஃபைலையும் அவங்களே செக் பண்ணி அனுப்பட்டும். அவங்ககிட்ட போன வாரமே சொல்லிட்டோம்."

போன வாரமே. ஒரு வாரமாக என்னோடு ஜன்னலில் நின்று வெயிலைப் பற்றியும் கத்திரிக்காயைப் பற்றியும் பேசியிருக்கிறாள், இதை மட்டும் வாயைத் திறக்கவில்லை. மவுஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். கம்ப்யூட்டர் என்னது, நெட்டு என்னது, வயர் என்னது. என் வேலையை இவள் சரிபார்க்க வேண்டுமாம். உச்சந்தலைக்கு ஏறியது எனக்கு. அன்றைக்கு அவள் அனுப்ப வேண்டிய படிவக் கட்டு மூன்று மணிக்குள் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். மணி இரண்டரை. 'தப்பே விடுறதில்லையா? இன்னைக்கு விடுவா' என்று குனிந்து வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய வயர் மேஜைக் காலோரம் தொங்கியது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

எதிர் வீட்டிலிருந்து கீ... கீ... என்று சத்தம் வந்தது. அவள் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கிற யூபிஎஸ். கரண்டு நின்றால்தான் அது கத்தும். என் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பிடுங்கியது நெட்டு வயர். அங்கே ஏன் கரண்டு போக வேண்டும்? கோபத்தில் இருக்கிறவளுக்கு அதெல்லாம் உறைக்குமா? 'இன்னும் நல்லதாப் போச்சு, பேட்டரி தீந்து எல்லாம் அமந்து போகட்டும்' என்றுதான் நினைத்தேன். இப்படி நினைத்தேன் என்று எழுதும்போது கை கூசுகிறது.

"அக்கா, கரண்டு இருக்கா? இங்க நெட்டும் போச்சு" என்று குரல் வந்தது.

நான் பேசவில்லை.

"அக்கா!"

அசையவில்லை. கூப்பிடு, நல்லாக் கூப்பிடு என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிடுவாள், அப்போது திரும்பலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. யூபிஎஸ் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

காலை மாற்றிப் போட்டேன். கால் பட்டு, தொங்கிக்கொண்டிருந்த வயர் ஆடி, அதன் தகரத் தலை என் கம்ப்யூட்டர் பெட்டியின் ஓரத்தில் ஒரு நொடி பட்டது. சட்டென்று ஒரு பொறி. துள்ளி எழுந்து திரும்பியதில் ஜன்னல் வழியாக அவர்கள் வீட்டு ஃபேன் கண்ணில் பட்டது. நின்று கிடந்த ஃபேன், அரைச் சுற்று துடித்துவிட்டு மறுபடி நின்றது.

மூன்று மாதத்துச் சிரிப்பும் குடமும் வெதுவெதுப்பும் எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. "ஏ புள்ள! தொடாத! எதையும் தொடாதடி!" என்று கத்திக்கொண்டே சந்தில் ஓடினேன். பதில் இல்லை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, தனியாக இருக்கிற பெண் போட்டுத்தானே இருப்பாள். ஜன்னலில் போய்ப் பார்த்தேன். வெயிலுக்குத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து விட்டிருந்தாள், சிமெண்டு தரை பளபள என்று ஈரமாக இருந்தது. பலகை மேஜைக்கு முன்னால் கிடந்தது. அவள் மேஜைக்குப் பின்னால். வெறுங்காலோடு குனிந்து, வலது கையைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் விட்டு, வயரின் தகரத் தலையைப் பிடித்தபடி நின்றாள். தோள் மட்டும் உதறியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் என்னைப் பார்த்தது.

நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள். முதலில் பின்னால் போய் வயரைக் கழற்றி மாட்டிப் பார்.

மீட்டர் போர்டு வாசல் சுவரில் வெளியே இருந்தது. கரண்டை நிறுத்தப் பீஸ் கட்டையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் உலுக்கி இழுத்ததில் கட்டையோடு பின்னால் போய் எங்கள் சுவரில் மோதினேன். உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். அவள் விழுந்துவிட்டாள். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள். மூச்சு இருக்கிறது என்று ஒரு அம்மா சொன்னார். இல்லை என்று இன்னொருத்தர் சொன்னார். அருப்புக்கோட்டை போகிற வழி முழுக்க ஆம்புலன்ஸில் அவள் காலைத் தேய்த்துக்கொண்டே போனேன். சாமி பேர் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. 'கூப்பிடு, இன்னொரு தடவை கூப்பிடு' என்பதுதான் வாயில் வந்தது.

பொழுது சாயும்போது கண்ணைத் திறந்தாள். உயிர் தங்கியது. வலது கையில் மூன்று விரல் உள்ளேயே வெந்துவிட்டது, இனி மடங்காது என்றார்கள். டைப் அடிக்கிற கை.

காரியாபட்டிக்கு லோடு கொண்டு போயிருந்த கொழுந்தன் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வீட்டுக்காரரைக் கண்டதும், "அண்ணே, நாந்தான்ணே, எர்த்துல முடிஞ்சு விட்டேன், நானே என் பொண்டாட்டியக் கொல்லப் பாத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இவர் அவரைப் பிடித்து உட்கார வைத்து, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று தானும் அழுதார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தன் எழுந்து வந்து என் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "மதினி, நீங்க கட்டைய உருவலைன்னா இன்னைக்கு அவ இல்ல." எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து, இரண்டு வீட்டையும் பார்க்க பந்தல்குடியிலிருந்து ஒரு வயர்மேன் வந்தார். குழியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், எங்கள் போர்க்குழாயைப் பார்த்தார்.

"இந்த வயரு மாட்டியிருந்த வரைக்கும் அந்தப் பொண்ணு தப்பிச்சிருக்கு. இது எப்பிடிக் கழண்டுச்சு?" என்று கேட்டார்.

என் வாய் திறப்பதற்குள் இவர் சொன்னார். "எலி இழுத்திருக்கும். மேசைக்கடியில ஒரே எலி."

வயர்மேன் தலையாட்டிவிட்டு, எர்த்து முடிச்சைப் பிரித்துச் சரிபண்ணப் போனார். நான் பேசாமல் நின்றேன். ஒரு வார்த்தைதான், சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் கதை அப்படியே பரவியது. எலி வயரை இழுத்தது, மதினி ஓடிப்போய்க் கட்டையை உருவினாள். தெருவில் போனால் என்னை நிறுத்திப் பெருமையாகப் பேசுவார்கள். ஒரு எலிப்பொறிகூட வாங்கி வைத்தார் இவர். அதில் ஒன்றும் விழவில்லை.

ஆடி பிறந்ததும் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் தினமும் ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டக்கூடச் செய்தேன். ஒருநாள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு ரெண்டு தடவை கூப்பிட்டேன். கேக்கலையா?"

"அடுப்படியில இருந்தேன் புள்ள. மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு." ஒரு வாரமாக நான் தயார் பண்ணி வைத்திருந்த பொய், தடங்கல் இல்லாமல் வந்தது.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. டைப் அடித்ததைச் சரிபார்ப்பாளே, ஒவ்வொரு எழுத்தாக, அந்தப் பார்வை.

"ஜன்னல்ல உங்க முதுகு தெரிஞ்சுச்சுக்கா" என்றாள்.

தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"கம்பெனில பேசிட்டேன். ஒரு கையால செஞ்சாலும் போதும், மெதுவாச் செய்யின்னுட்டாக" என்றாள். "வயரு திரும்பப் போட்டுக் குடுங்கக்கா. ஆனா சுவிட்சுப் பொட்டி எங்க வீட்டுல இருக்கட்டும். நெட்டு வர்ற டப்பாவும் இங்கயே வந்துரட்டும். உங்களுக்கு நான் இங்க இருந்து குடுக்கிறேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? யாரிடமும் அவள் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சாதா பிளாஸ்டிக் வயர் வாங்கி வந்தேன். நெட்டுக்காரர்களை வரச்சொல்லி லைனை அவர்கள் வீட்டுக்கு மாற்றினேன். அன்று சாயங்காலம் மேஜைக்கடியில் படுத்து, சுவிட்சுப் பெட்டியின் திருகாணியைக் கழற்றி, தூசியைத் துடைத்து, சந்தைத் தாண்டிக் கொண்டுபோனேன். அவள் வாசலுக்கு வந்து இடது கையை நீட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை அந்தக் கையில் வைத்தேன்.